ஈஆர்பி மாற்றும்போது வேலைமுறையைச் சீர்செய்வது எப்படி? டர்பன் தொழில்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் தொழில் நடத்தும் தமிழ்க் குடும்பங்கள், அவர்களிடம் வேலைசெய்யும் கணக்கர்கள், தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்திருக்கும் மென்பொருள்காரர்கள் ஆகியோர் என்னிடம் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். துணி, மசாலா, இரும்புச் சாமான், லாரி என்று தொழில்கள் வேறு வேறாக இருந்தாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் ஒரு மசாலா நிறுவனத்தை வைத்தே சொல்கிறேன். அப்படி ஒரு நிறுவனம் கிடையாது. பல இடங்களில் பார்த்ததை ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கிறேன்.

எங்களிடம் கணக்கு மென்பொருள் இருக்கிறதே. ஈஆர்பியில் கூடுதலாக என்ன இருக்கிறது?

கணக்கு மென்பொருள் நடந்து முடிந்ததை எழுதிவைக்கிறது. ஈஆர்பி, அதாவது கொள்முதல், கிடங்கு, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் நிறுவன வளத் திட்டமிடல் மென்பொருள், நடக்கும்போதே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. மல்லி மூட்டை லாரியிலிருந்து இறங்கியதும் ஸ்டோர்காரர் ஒரு பதிவு செய்கிறார். அந்த ஒரு பதிவே சரக்கிருப்பைக் கூட்டுகிறது, சப்ளையருக்குத் தர வேண்டிய தொகையைக் கணக்கில் ஏற்றுகிறது, சரக்கு வந்துவிட்டதை விற்பனைப் பிரிவுக்குக் காட்டுகிறது. தொழிற்சாலை மூலப்பொருள் திட்டமிடலுக்காக எழுதப்பட்ட மென்பொருள்கள் வளர்ந்து இந்த வடிவத்துக்கு வந்தன. ஈஆர்பி என்ற பெயரை 1990இல் கார்ட்னர் ஆய்வு நிறுவனம் வைத்தது. தென்னாப்பிரிக்காவுக்கும் இந்தத் துறையில் பழைய உறவு உண்டு. சிஸ்ப்ரோ என்ற ஈஆர்பி நிறுவனம் 1978இல் இங்கே தொடங்கியது. நம் கணக்கர்களுக்குக் கைவந்த பாஸ்டெல் கணக்கு மென்பொருளும் இங்கேயே எழுதப்பட்டதுதான். 2003இல் அது சேஜ் என்ற பிரிட்டிஷ் மென்பொருள் நிறுவனத்தின் கைக்குப் போனது.

உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வதால்தான் வேலைமுறை பற்றிய பேச்சே எழுகிறது. முன்பு மாதக் கடைசியில் கணக்கர் தனியாக உட்கார்ந்து சரிக்கட்டிய குழப்பம், இனி காலை பத்து மணிக்கே திரையில் சிவப்பாக நிற்கும்.

முதலில் வேலைமுறையைச் சீர்செய்துவிட்டு மென்பொருள் வாங்குவதா, வாங்கிவிட்டு அதற்கேற்ப மாறுவதா?

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்பவரை நம்பாதீர்கள். எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டுத்தான் வாங்குவேன் என்பவர் கடைசிவரை வாங்க மாட்டார். வாங்கினால் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்பவர் பழைய குழப்பத்தை வட்டி கட்டி வாங்கிய புதிய கணினியில் ஏற்றுவார். நான் எந்த நிறுவனத்திலும் வேலைகளை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்.

முதல் வகை, முதலாளி ஒரு முடிவெடுத்தாலே மாறிவிடக்கூடியவை. யாருக்கு எவ்வளவு கடன், எத்தனை நாள் தவணை, விற்பனையாளர் தன் அதிகாரத்தில் எவ்வளவு தள்ளுபடி தரலாம், திரும்பி வரும் சரக்கை யார் பார்த்து ஏற்பது போன்றவை. இவற்றுக்கு மென்பொருளே வேண்டாம். இன்றைக்கே முடிவெடுத்து, இருக்கிற முறையிலேயே இரண்டு மூன்று மாதம் நடத்திப் பார்க்கலாம்.

இரண்டாவது, மென்பொருள் தன்னோடு கொண்டுவருபவை. எந்த மூட்டை எந்தப் பாக்கெட்டுக்குள் போயிற்று என்ற தொகுதிக் கணக்கு, ஆர்டருக்குச் சரக்கை ஒதுக்கிவைப்பது, ஆணையையும் வரவையும் பில்லையும் ஒப்பிடுவது ஆகியவை இதில் வரும். இவற்றை முன்கூட்டியே காகிதத்தில் வரைந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். மென்பொருளில் இயல்பாக எப்படி இருக்கிறது என்று பார்த்து, முடிந்தவரை அதையே ஏற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தரவு இல்லாமல் முடிவுசெய்யவே முடியாதவை. எந்தப் பொருளில் உண்மையில் லாபம் வருகிறது, எந்த அளவுக்கு இருப்பு குறைந்தால் மறுபடி வாங்குவது, லேடிஸ்மித் பக்கம் வாரத்துக்கு எத்தனை முறை லாரி அனுப்புவது போன்றவை. இவற்றைப் புதிய முறை ஓடத் தொடங்கி ஆறு மாதமாவது ஆன பிறகு தொடுங்கள். அதற்கு முன் கூட்டம் போட்டால் அவரவர் ஊகத்தைத்தான் பேசுவார்கள்.

பெரும்பாலான இடங்களில் முதல் வகையை இரண்டாவது வகைக்குள் தள்ளிவிடுகிறார்கள். திரும்பி வரும் சரக்குக்கு உங்கள் விதி என்ன என்று ஆலோசகர் கேட்கிறார். “சிஸ்டம் எப்படிச் சொல்கிறதோ அப்படி” என்கிறார் முதலாளி. சிஸ்டம் எதையும் சொல்லாது. கேள்வி கேட்ட இளைஞர் தனக்குத் தோன்றியதை அமைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அவருக்குத் தோன்றியதுதான் அடுத்த பத்து ஆண்டுக்கு உங்கள் கம்பெனியின் சட்டம்.

இப்போது நடப்பதையெல்லாம் எழுதிவைக்க வேண்டுமா? ஆலோசகர் மாதக்கணக்கில் படம் வரைகிறார்.

எழுத வேண்டும், ஆனால் அறையில் உட்கார்ந்து எழுதக் கூடாது. ஒரு ஆர்டரைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்து போங்கள். சாட்ஸ்வொர்த் கடைக்காரர் இரவில் வாட்ஸ்அப்பில் ஆர்டர் அனுப்புகிறார். காலையில் விற்பனையாளர் அதை நோட்டில் எழுதுகிறார். அலுவலகத்தில் ஒருவர் நோட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றுகிறார். கிடங்குக்கு அச்சிட்ட சீட்டு போகிறது. இரண்டு கிலோ மிளகாய்த்தூள் பாக்கெட் இல்லை என்பதால் ஸ்டோர்காரர் ஒரு கிலோ பாக்கெட் இரண்டாக எடுத்துவைத்துவிட்டு, சீட்டின் ஓரத்தில் பேனாவால் குறிக்கிறார். பில் மட்டும் பழைய சீட்டின்படியே போடப்படுகிறது. கடைக்காரர் விலை வேறுபாட்டைச் சொல்லித் தொலைபேசியில் கூப்பிடுகிறார். பில் தொகையைக் குறைக்கும் வரவுக் குறிப்பு (கிரெடிட் நோட்) ஒன்று எழுதப்படுகிறது.

மேலாளரைக் கேட்டால் “ஆர்டர் வரும், சரக்கு போகும், பில் போகும்” என்று மூன்று பெட்டி வரைந்துகொடுத்திருப்பார். உங்கள் பணம் கரைவது பேனாக் குறிப்பில். ஆகவே சாதாரண ஆர்டர் ஒன்றோடு சிக்கலான ஆர்டர்கள் சிலவற்றையும் பின்தொடருங்கள். பாதிச் சரக்கு அனுப்பியது, விலை மாறியது, திரும்பி வந்தது, ரொக்கமாகக் கட்டியது என்று தேடிப்பிடியுங்கள். ஒவ்வொரு இடத்திலும் வேலைசெய்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இது சரியாக வராதபோது என்ன செய்வீர்கள்?”

இதற்குச் சில வாரம் போதும். சுவர் முழுக்கப் படம் ஒட்டியும் யாரும் எந்த முடிவும் எடுக்கவில்லை என்றால் அதை நிறுத்திவிடலாம்.

மென்பொருளை எங்கள் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றித் தருவதாகச் சொல்கிறார்களே, அது நல்லதுதானே?

மாற்றித் தருபவருக்கு நிச்சயமாக நல்லது. ஜெர்மனியின் லிடல் பல்பொருள் அங்காடிக் குழுமம் 2011இல் எஸ்ஏபி என்ற ஈஆர்பி மென்பொருளுக்கு மாறும் திட்டத்தைத் தொடங்கி, ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவான நிலையில் 2018இல் கைவிட்டது. அப்போது பரவலாகப் பேசப்பட்ட காரணங்களில் ஒன்று சரக்கிருப்பின் மதிப்பு. அந்த மென்பொருளின் இயல்பான முறை இருப்பைச் சில்லறை விலையில் கணக்கிட்டது. லிடல் கொள்முதல் விலையில் கணக்கிட்டுப் பழகியிருந்தது. அந்தப் பழக்கத்தை விடாமல் மென்பொருளை வளைக்கப் போனார்கள்.

வளைத்த ஒவ்வொரு இடமும் புதிய பதிப்பு வரும்போது மறுபடி சோதிக்கப்பட வேண்டும், மறுபடி பணம் கேட்கும். எழுதிய ஆள் வேலையை விட்டுப் போனால் அது என்ன செய்கிறது என்று சொல்லவும் ஆள் இருக்காது.

அதற்காக எதையும் மாற்றாதே என்று சொல்லவில்லை. வாடிக்கையாளர் எதற்காக உங்களைத் தேடி வருகிறார் என்று பாருங்கள். நம் எடுத்துக்காட்டு மசாலா நிறுவனத்தில் ஒவ்வொரு உணவகத்துக்கும் தனிக் கலவை உண்டு. காரம் இத்தனை, சோம்பு இத்தனை என்று அவர்களுக்கென்றே வைத்திருக்கிறார்கள். அதை இழந்தால் வியாபாரமே போய்விடும். அங்கே மென்பொருளை மாற்றச் செலவழிப்பது நியாயம். வரவுக் குறிப்பில் மூன்று பேர் கையெழுத்திட்டே பழக்கம் என்பதற்காக நிரல் எழுதச் சொன்னால், அந்த மூன்று பேரில் இருவரைக் கழிக்க முதலாளிக்கு மனமில்லை என்றுதான் பொருள்.

குடும்ப நிறுவனம். அப்பா எல்லாவற்றிலும் கையெழுத்திட வேண்டும் என்கிறார். சித்தப்பா பையன் கடைக்குக் கடன் வரம்பே கிடையாது. இதையெல்லாம் எப்படிக் கணினியில் ஏற்றுவது?

ஏற்றலாம். கணினிக்கு உறவுமுறை தெரியாவிட்டாலும் விதிவிலக்கு தெரியும். சித்தப்பா பையன் கடைக்குத் தனி வரம்பு போடுங்கள், கொஞ்சம் அதிகமாகவே போடுங்கள். எண் என்று ஒன்று மட்டும் இருக்க வேண்டும். இதுவரை சொல்லாமல் நடந்துகொண்டிருந்ததற்கு ஒரு தொகை வைத்துவிட்டால், அந்தச் சலுகை ஆண்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று தெரியவரும். அதைத் தொடர்வதா வேண்டாமா என்பது குடும்பத்தின் பேச்சு. ஆலோசகர் அதில் தலையிடக் கூடாது.

அப்பா விஷயம் வேறு. அவர் கையெழுத்திடும் காகிதங்களை ஒரு மாதம் எடுத்துவைத்து, எதிலெல்லாம் அவர் ‘வேண்டாம்’ என்று மறுத்தார் என்று பாருங்கள். மறுப்பே இல்லாத வகைகளில் அவர் கையெழுத்து வெறும் தாமதம். மறுத்தவற்றைக் கேட்டால் பெரும்பாலும் புதிய சப்ளையர், வழக்கத்துக்கு மாறான விலை, பெரிய தொகை என்றுதான் இருக்கும். அந்த மூன்றுக்கு மட்டும் அவருடைய ஒப்புதலை வையுங்கள். “அப்பாவின் அதிகாரத்தைக் குறைக்கிறோம்” என்று போனால் நடக்காது. “அப்பா பார்க்க வேண்டியதை மட்டும் அப்பாவிடம் கொண்டுவருகிறோம்” என்று போனால் நடக்கும், இரண்டாவதுதான் உண்மையும்கூட.

ஒன்றை மட்டும் அவசரமாகச் செய்யுங்கள். சப்ளையரின் வங்கி விவரத்தை மாற்றுவது ஒருவர் கையில் இருக்கக் கூடாது. “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று பொய் மின்னஞ்சல் அனுப்பிப் பணம் பறிப்பது இந்த நாட்டில் அன்றாடச் செய்தியாகிவிட்டது. ஒருவர் மாற்ற வேண்டும். இன்னொருவர், மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு ஏற்கெனவே தெரிந்த எண்ணில் கூப்பிட்டு உறுதிசெய்த பிறகே ஒப்புதல் தர வேண்டும்.

சப்ளையர் பில்களைச் சரிபார்ப்பதிலேயே இரண்டு பேர் நாள் முழுக்க மூழ்கியிருக்கிறார்கள். இதை ஈஆர்பி குறைக்குமா?

குறைக்கும், கொள்முதல் ஆணை இல்லாமல் எதையும் வாங்குவதில்லை என்று நீங்கள் நின்றால். 1980களில் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தின் பில் பட்டுவாடாப் பிரிவில் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். மாஸ்டாவில் அதே வேலைக்கு 5 பேர். நிறுவனத்தின் அளவைக் கழித்துப் பார்த்தாலும் விளக்க முடியாத வேறுபாடு. ஃபோர்டின் ஆட்கள் நேரத்தில் பெரும்பகுதியை ஆணையும் சரக்கு வரவுச் சீட்டும் பில்லும் ஒன்றுக்கொன்று பொருந்தாத இடங்களைத் துருவுவதில் செலவழித்தார்கள். அதை வேகமாகச் செய்யக் கணினி வாங்க முதலில் நினைத்தவர்கள், பிறகு பொருந்தாமை எழும் இடத்தையே மாற்றினார்கள். சரக்கு வந்து இறங்கும் வாசலிலேயே ஆணையோடு ஒப்பிட்டு, பொருந்தினால் ஏற்பது, இல்லையென்றால் திருப்பி அனுப்புவது என்று வைத்தார்கள்.

ஃபோர்டு பில்லையே கேட்காத நிலைக்குப் போனது. நீங்கள் அவ்வளவு தூரம் போக முடியாது. இங்கே செலுத்திய வாட் வரியைத் திரும்பக் கோர முறையான வரிப் பில் கையில் இருக்க வேண்டும். 5,000 ராண்டுக்கு மேற்பட்ட பில்லில் உங்கள் வாட் எண்ணும் இருக்க வேண்டும். ஆனால் பில் வரும்போது ஒப்பிட ஒன்றும் மிச்சமில்லாதபடி செய்யலாம். வேறுபாட்டுக்குச் சிறிய அனுமதியும் வையுங்கள். மிளகாய் வழியில் காய்ந்து எடை குறையும். இரண்டு கிலோ வேறுபாட்டுக்கெல்லாம் கணக்கர் தொலைபேசியை எடுக்கத் தேவையில்லை.

பழைய தரவை அப்படியே புதியதில் ஏற்றினால் என்ன?

எல்லாக் கேள்விகளிலும் இதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். முதலாளிகள் மிகக் குறைவாகக் கொடுப்பதும் இதற்குத்தான்.

பொருள் பட்டியலில் தொடங்குங்கள். மிளகாய்த்தூள் 1 கிலோ ஐந்து குறியீடுகளில் இருக்கும். ஒன்று பழைய பையில் இருந்தபோது போட்டது, ஒன்று ஒரு வாடிக்கையாளருக்காகப் போட்டது, ஒன்று யாரோ தேடிக் கிடைக்காமல் புதிதாகப் போட்டது. ஐந்திலும் இருப்பு இருக்கும், இரண்டில் எதிர்மறை எண்ணாக. அடுத்து அளவை. வாங்குவது மூட்டையில், வைப்பது கிலோவில், விற்பது பாக்கெட்டில். ஒரு மூட்டை 25 கிலோ என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, ஒரு சப்ளையரின் மூட்டை மட்டும் 20 கிலோவாக இருக்கும். பழைய முறையில் ஸ்டோர்காரர் மனத்தில் அது திருத்தப்பட்டுவந்தது. புதியதில் ஒவ்வொரு மூட்டைக்கும் 5 கிலோ காற்று இருப்பில் ஏறும்.

வாடிக்கையாளர் பட்டியலுக்கு இந்த ஊருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. நாயுடு, பிள்ளை, மூட்லி, கோவெண்டர் என்று பக்கம் பக்கமாக வரும். ஃபீனிக்ஸிலும் வெருலத்திலும் டோங்காட்டிலும் ஒரே பெயரில் கடைகள் இருக்கும். பெயரை வைத்து இரட்டைப் பதிவு தேடினால் இருவரை ஒருவராக்கிவிடுவீர்கள். வாட் எண் உள்ளவர்களை அதை வைத்து அடையாளம் காணுங்கள். 4இல் தொடங்கும் பத்து இலக்கம் அது. மற்றவர்களுக்குத் தொலைபேசி எண்ணையும் சரக்கு இறக்கும் முகவரியையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்த வேலையை ஆலோசகரிடம் ஒப்படைக்காதீர்கள். எது உயிரோடு இருக்கும் பொருள், எது செத்தது என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு பட்டியலுக்கும் உங்கள் ஆள் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். புதிய முறை ஓடத் தொடங்கிய பிறகும் புதிய குறியீடு போடும் உரிமை அவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறாவது மிளகாய்த்தூள் வந்துவிடும்.

பழைய பில்கள், ஆர்டர்கள் எல்லாவற்றையும் இடம்பெயர்க்க வேண்டியதில்லை. நிலுவையில் உள்ளவற்றையும் தொடக்க இருப்புகளையும் மட்டும் ஏற்றுங்கள். வரிச் சட்டம் பொதுவாக 5 ஆண்டும் நிறுவனச் சட்டம் 7 ஆண்டும் ஆவணங்களை வைத்திருக்கச் சொல்கின்றன. ஆகவே பழைய மென்பொருளைப் படிக்க மட்டும் முடியும்படி வைத்திருங்கள். பல ஆண்டுக் கணக்கை மாற்றி ஏற்றும் செலவைவிட அந்த உரிமக் கட்டணம் பெரும்பாலும் குறைவு. சோதனைக்கு உண்மையான வாடிக்கையாளர், ஊழியர் விவரங்களை வெளியாளிடம் தூக்கிக் கொடுப்பதையும் தவிருங்கள். 2021 ஜூலை 1 முதல் பாப்பியா எனப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக அமலில் இருக்கிறது. ஊழியரின் அடையாள எண்ணும் சம்பளமும் ஆலோசகரின் மடிக்கணினியில் ஊர் சுற்றினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

வரி விகிதம் போன்றவற்றை அமைப்பதில் என்ன பெரிய சிக்கல் இருக்கப்போகிறது?

2025ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் பட்ஜெட்டில் வாட் 15 சதவீதத்திலிருந்து 15.5 ஆக மே 1 முதல் உயரும் என்றார்கள். நிறுவனங்கள் விலைப்பட்டியலையும் மென்பொருளையும் மாற்றத் தொடங்கின. ஏப்ரல் 24 அன்று உயர்வு திரும்பப் பெறப்பட்டது, நாள் நெருங்கிவிட்டிருந்தது. விகிதத்தை ஒரே இடத்தில், தொடங்கும் தேதியோடு வைத்திருந்தவர்களுக்கு இது சில நிமிட வேலை. பில் வடிவத்தில் ஒன்று, எக்செல் விலைப்பட்டியலில் ஒன்று, இணையக் கடையில் ஒன்று என்று எண்ணைப் பதித்துவைத்திருந்தவர்களுக்கு இரண்டு முறை இரவு வேலை. 2018 ஏப்ரலில் 14 சதவீதம் 15 ஆனபோதே கற்றிருக்க வேண்டிய பாடம் இது. மார்ச்சில் அனுப்பிய சரக்கு மேயில் திரும்பி வந்தால் எந்த விகிதத்தில் வரவுக் குறிப்பு எழுதுவது என்பதையும் மென்பொருள் விற்பவரின் செயல்விளக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

எக்செலை ஒழிக்க முடியுமா?

முடியாது, தேவையும் இல்லை. ஒவ்வொரு எக்செல் கோப்பையும் எடுத்து, மென்பொருள் தராத எதை இது தருகிறது என்று கேளுங்கள். ஆராய்ச்சிக்கான கோப்பு இருக்கட்டும். அந்தக் கோப்பில் மட்டுமே இருக்கும் விலை, அந்தக் கோப்பில் மட்டுமே இருக்கும் இருப்பு ஆகியவைதான் ஆபத்து.

வேலை போய்விடும் என்று ஊழியர்கள் பயப்படுகிறார்கள். என்ன சொல்வது?

உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் உண்மை என்னவென்று நீங்கள் முடிவுசெய்திருக்க வேண்டும். ஆட்குறைப்பை நினைக்கவே இல்லை என்றால் அதை எழுத்தில் கொடுங்கள். நினைக்கிறீர்கள் என்றால், தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 189ஆம் பிரிவு முடிவெடுத்த பிறகு அறிவிக்கச் சொல்லவில்லை. ஆட்குறைப்பு பற்றி யோசிக்கும் கட்டத்திலேயே தொழிலாளர்களோடு அல்லது சங்கத்தோடு கலந்துபேசச் சொல்கிறது. 50 பேருக்கு மேல் வேலைசெய்யும் இடங்களுக்கு 189ஏ பிரிவின் கூடுதல் விதிகளும் வரலாம். திட்ட ஆவணத்தில் ‘நான்கு பேர் மிச்சமாகும்’ என்று எழுதி வங்கிக்குக் காட்டிவிட்டு, ஊழியர் கூட்டத்தில் ‘யாருக்கும் பாதிப்பில்லை’ என்பது பொய் என்பதோடு வழக்கில் உங்களுக்கு எதிரான சாட்சியும் ஆகும்.

பயத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இருபது ஆண்டாக அந்தக் கம்பெனியில் இருக்கும் கணக்கர் அக்காவுக்குத்தான் எல்லா விதிவிலக்கும் தெரியும். அதுவே அவருடைய மதிப்பு. அதை நீங்கள் கேட்டு எழுதிக்கொள்ளும்போது அவர் மதிப்பைப் பறிப்பதாகத்தான் அவருக்குத் தோன்றும். அவரைத் தகவல் தருபவராக உட்காரவைக்காமல், ஒரு பிரிவின் விதிகளை முடிவுசெய்பவராக உட்காரவையுங்கள். அவர் வழக்கமான வேலையைச் செய்ய வேறு ஆள் போடுங்கள். பகல் முழுக்கப் பழைய வேலை, மாலை ஐந்துக்கு மேல் புதிய திட்டம் என்று சொன்னால் நல்ல மனமுள்ளவரும் சலித்துப்போவார்.

பயிற்சியின் மொழியையும் யோசியுங்கள். அலுவலகத்தில் ஆங்கிலம் ஓடும். கிடங்கில் பெரும்பாலானோர் சுலு பேசுபவர்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த பயிற்சியாளர் ஆங்கிலத்தில் படம் காட்டிவிட்டுப் போனால் தலையாட்டுவார்கள். மறுநாள் பழையபடி பேனாதான். கிடங்கு ஆட்களில் துடிப்பான ஒருவருக்கு முதலில் கற்றுக்கொடுத்து, அவரே மற்றவர்களுக்குச் சுலுவில் சொல்லித்தரும்படி செய்யுங்கள். அதற்கு அவருக்குச் சம்பளத்தில் ஏதாவது சேர்த்துக் கொடுங்கள்.

எந்த மாதத்தில் தொடங்குவது நல்லது?

ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 1999இல் ஏப்ரலில் தொடங்க வேண்டிய புதிய முறையை ஜூலையில் தொடங்கியது. ஹாலோவீன் ஆர்டர்கள் குவியும் பருவம். கிடங்கில் சாக்லேட் இருந்தும் 10 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்களை அனுப்ப முடியாமல் திணறியது. நம் மசாலா, இனிப்பு வியாபாரிகளுக்குத் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்கள் அப்படிப்பட்டவை. ஈஸ்டர் வாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம்வரை நாடே மூடிக்கிடக்கும் நாட்கள் ஆசை காட்டும். அப்போது ஆலோசகரும் விடுமுறையில் இருப்பார் என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்த நாட்களைச் சரக்கு எண்ணவும் தரவு ஏற்றிப் பழகவும் வைத்துக்கொண்டு, பிப்ரவரி அல்லது மார்ச்சில் தொடங்கலாம். வாட் காலத்தின் முதல் நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள். ஒரே கணக்கு இரண்டு மென்பொருளில் பாதிப் பாதியாகக் கிடப்பது வரித்துறையான சார்ஸ் கேள்வி கேட்கும்போது பெரும் தொல்லை. சம்பளப் பகுதிக்கு மார்ச் 1 சிறந்தது, தனிநபர் வரி ஆண்டு அன்றுதான் தொடங்குகிறது.

எஸ்ஏபியின் பழைய ஈசிசி பதிப்பில் இருப்பவர்களுக்குத் தேதியை வேறொருவர் குறித்துவிட்டார்: ஈசிசியின் பிந்தைய தொகுப்புகளுக்கு வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது, கூடுதல் கட்டணம் செலுத்தினால் 2030 வரை.

பழையதையும் புதியதையும் சில மாதம் சேர்த்தே ஓட்டினால் பாதுகாப்புதானே?

சம்பளத்துக்குச் சரி. இரண்டு மாதம் இரண்டிலும் கணக்கிட்டு, வருமான வரிப் பிடித்தம், வேலையின்மைக் காப்பீடு, திறன் மேம்பாட்டு வரி மூன்றும் காசு வரை ஒத்துவருகிறதா என்று பாருங்கள். மறுமாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய பணத்தில் விளையாட முடியாது.

விற்பனைக்கும் கிடங்குக்கும் வேண்டாம். ஒரே வேலையை இரண்டு முறை செய்யச் சொன்னால் ஆட்கள் பழகியதைச் சரியாகச் செய்துவிட்டு, புதியதில் மாலையில் ஏதோ ஏற்றுவார்கள். அதற்குப் பதிலாக ஒரு கிளையில் அல்லது ஒரு பொருள் வகையில் முதலில் தொடங்குங்கள்.

மின்சாரமும் இணையமும் போனால்?

2023 அளவுக்கு மின்வெட்டு இப்போது இல்லை. ஆனால் கம்பி திருட்டும் உள்ளூர்ப் பழுதும் இருக்கவே இருக்கின்றன. மின்சாரம் போனால் எந்தத் தாளில் எழுதுவது, யார் எந்த வரிசையில் பிறகு ஏற்றுவது, எவ்வளவு தொகைவரை அனுப்பலாம் என்பதை வேலைமுறையின் பகுதியாகவே எழுதிவையுங்கள். ஒரு முறையாவது மின்சாரத்தை நிறுத்திப் பழகிப் பாருங்கள். சர்வரைக் கிடங்கு வளாகத்திலேயே வைக்க நினைப்பவர்களுக்கு 2021 ஜூலைக் கலவரத்தையும் 2022 ஏப்ரல் வெள்ளத்தையும் நினைவூட்டினால் போதும்.

ஆலோசகர் நல்லவரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் மிக மோசமான ஆர்டரைக் கொண்டுபோய், அதை அவர்கள் மென்பொருளில் உங்கள் கண்முன் நடத்திக் காட்டச் சொல்லுங்கள். பாதிச் சரக்கு, இரண்டு விலை, திரும்பி வந்த மூன்று பாக்கெட், சித்தப்பா பையன் கடை. “எல்லாம் முடியும்” என்பவரைவிட “இது முடியாது, இதை நீங்கள் மாற்றிக்கொள்வதே மேல்” என்பவர் நல்லவர். செயல்விளக்கத்துக்கு வருபவரே வேலைக்கும் வருவாரா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் வர மாட்டார்.

முன்னேற்றம் வந்திருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

தொடங்குவதற்கு முன்பே அளந்துவைத்திருந்தால்தான் சொல்ல முடியும். ஆர்டர் வந்து சரக்கு வாசலைத் தாண்ட எத்தனை நாள், நூறு பில்லுக்கு எத்தனை வரவுக் குறிப்பு, எண்ணிய இருப்புக்கும் கணினி இருப்புக்கும் எவ்வளவு வேறுபாடு, மாதக் கணக்கு முடிக்க எத்தனை நாள் என்ற நான்கும் போதும். மூன்று மாத அளவை இப்போதே எடுத்துவையுங்கள். முதல் சில மாதம் எல்லாம் மோசமாகவே தெரியும். அதில் கொஞ்சம் உண்மையான மோசம். மீதி, முன்பு மறைந்திருந்தது இப்போது எண்ணப்படுவது.

தொடங்கி ஆறு மாதம் ஆகிவிட்டது. ஆட்கள் இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார்கள். என்ன செய்வது?

நோட்டைப் பிடுங்காதீர்கள், வாங்கிப் படியுங்கள். அதில் எழுதப்பட்டிருப்பவற்றில் பாதிக்குத் திரையில் இடமே இருக்காது: ‘புதன் பிற்பகல் மட்டும் இறக்கலாம்’, ‘மகனிடம் பணம் வாங்கக் கூடாது’. அவற்றுக்கு இடம் அமைத்துக் கொடுங்கள். இன்னொரு பகுதி, திரையில் செய்ய ஒன்பது சொடுக்கு தேவைப்படுவதால் நோட்டுக்குப் போனது; ஆலோசகரைத் திரும்பக் கூப்பிட்டுத் திரையைச் சுருக்கச் சொல்லுங்கள். மீதி வெறும் பழக்கம். அதற்கு ஒரு தேதி குறித்து, அந்தத் தேதிக்குப் பிறகு கணினியில் இல்லாத ஆர்டருக்குக் கிடங்கிலிருந்து சரக்கு வெளியேறாது என்று அறிவியுங்கள். முதல் வாரத்தில் உங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் ஆர்டர் நோட்டில் மட்டும் இருக்கும். விற்பனையாளர் உங்களைக் கூப்பிட்டு, இந்த ஒரு முறை மட்டும் விடச் சொல்வார். அந்த ஆர்டரையும் கணினியில் ஏற்றிய பிறகே லாரியை அனுப்புங்கள்.